பொட்டு வைக்காத லேப்டாப்

ஆயுத பூஜை அன்று செஞ்சியில் பொட்டு வைத்துக்கொள்ளாத இரும்பே கிடையாது. பங்சர் கடை விமல்ராஜ் ஏர் கம்ப்ரசரைப் பெற்ற பிள்ளை மாதிரி குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். தையல்கார மங்கை, இருந்த பூவையெல்லாம் மெஷினுக்குச் சுற்றிவிட்டுத் தன் தலைக்கு மிச்சமில்லை என்று சிரித்தாள். பொரி வாங்க வந்த அனுவுக்கு வயிறு எரிந்தது. இவர்களுக்கு மட்டும் வேலை மேல் எப்படி இவ்வளவு ஆசை?

அவளுக்கும் வேலை இருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை. மிக்ஸி ஓடவில்லை என்று யாராவது திட்டினால், 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று இவள் பதில் அடிக்க வேண்டும். மூன்று வருடமாக நாள் முழுக்க வருந்தி, கடைசியில் அவளுக்கு நிஜமாகவே வருத்தம் வந்துவிட்டது.

வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. அப்பா பொன்னுசாமிக்கு முட்டி போய்விட்டதால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. நாளைக் காலையில் வல்லத்துக்காரர் ஒருவர் வந்து வண்டியை வாங்கிக்கொண்டு போவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கவரத்தில் தண்ணீர் கட்டிய கழனிகளை உழுதுகொடுத்தது அனுதான். லைசன்சும் எடுத்து வைத்திருந்தாள். 'விற்காதே' என்று சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.

சாமி படத்துக்கு முன்னால் அம்மா தைலம்மாள் களைக்கொட்டு, அரிவாள்மனை, ஸ்பேனர் எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள்.

"அனு, உன் லேப்டாப்ப எடுத்தாந்து வைடி. பொட்டு வைக்கணும்."

அனு அசையவில்லை.

"இன்னாடி மரமாட்டம் நிக்கிற? சோறு போடுறது அதுதான?"

"சோறு போடுதும்மா. அதக் கும்புட எனக்கு மனசு வரல." அப்பா பக்கம் திரும்பினாள். மீதியும் படபடவென்று வந்துவிட்டது. "வண்டிய விக்காத நைனா. நான் ஓட்டுறேன்."

"நாத்து நட்டு நட்டு என் இடுப்பு ஒடிஞ்சது போதாதா? வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதான்டி உன்னப் படிக்க வச்சேன்!"

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னதில் பொய்யில்லை.

கற்பூரம் காட்டியாயிற்று. பொன்னுசாமி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். யாராவது வண்டியை ஏற்றி நசுக்கியாக வேண்டும். முட்டியைத் தடவிக்கொண்டே, பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல், சாவியை மகளிடம் நீட்டினார்.

ஒரே தாவில் ஏறினாள் அனு. இன்ஜின் உறுமியது, பழம் நசுங்கியது, தெருவே கூச்சல் போட்டது. நிறுத்த மனசில்லாமல் தெருமுனை வரை போய், ஒரே ஒடிப்பில் திருப்பிக்கொண்டு வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

தைலம்மாள் வாசலிலேயே நின்று மகளை வெறித்துப் பார்த்தாள்.

"இந்த மூஞ்சிய நான் பாத்து எத்தினி வருசம் ஆவுது" என்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "இந்தாய்யா, அந்த வல்லத்துக்காரருக்குப் போனப் போடு. வர வேணாம்னு சொல்லிடு."

அனு குதித்து இறங்கி ஓடிவந்தாள். கட்டிப்பிடிக்க வந்தவளை ஒரு கையால் தடுத்து நிறுத்தினாள் அம்மா.

"தலையில துண்டு கட்டாம கழனியில எறங்கின, தோல உரிச்சிடுவேன்."