வழிமொழிய யாராவது உண்டா?

1

இந்தக் கதை பதினோரு வினாடி மௌனத்திலிருந்து வந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை, ஒலிப்பதிவில் இருக்கிறது. மாநில செனட்டின் வேளாண்மைக் குழுவுக்கு இருபத்து மூன்று வருடமாக நான்தான் எழுத்தர். கூட்டம் முடிந்ததும் பதிவைப் போட்டுக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பு எழுதுவேன். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார். பேசாமல் இருந்தவர்களுக்குக் குறிப்பில் இடம் கிடையாது. அந்தப் பதினோரு வினாடியை எங்கே போடுவது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பிப்ரவரிப் பனி சட்டமன்றக் கட்டடத்தின் படிகளில்—

வேண்டாம். வருடத்தில் ஐந்து மாதம் இங்கே பனிதான். அதைப் போய் யார் கவனிக்கிறார்கள்?

வேர்ன் கெம்ப் மக்காச்சோளத்துக்குள் இறங்கிய அன்று காலை—

இதுவும் வேண்டாம். அந்தக் காலையைச் சொல்லும் உரிமை அவர் மனைவிக்குத்தான் உண்டு. அவளுக்கே மூன்று நிமிடம்தான் கொடுத்தார்கள்.

முந்தின நாள் பிற்பகல் மார்லிஸ் கெம்ப் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு—

[இது அப்புறம்.]

சரி, எல்டனிலிருந்து தொடங்குகிறேன். எல்டனைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம்.

2

செனட்டர் எல்டன் ராஸ்முசனுக்கு எழுபத்தொரு வயது. மேற்கே, நாலு மணி நேரம் வண்டி ஓட்டினால் வரும் மூன்று மாவட்டங்களுக்கு அவர்தான் பிரதிநிதி. குழுவில் ஏழு பேர். ஒரு மசோதா செனட்டின் முழு அவைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் இந்த ஏழு பேரைத் தாண்ட வேண்டும். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பிறகுதான் வாக்கெடுப்பு. வழிமொழிய ஆளில்லாவிட்டால் வாக்கெடுப்பே இல்லை. மசோதா அங்கேயே செத்தது.

எல்டனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது ஒரு மசோதாவுக்கு வழிமொழிய ஆளில்லை என்று தெரிந்தால், "மரியாதைக்கு வழிமொழியறேன்" என்பார். தனக்குப் பிடிக்காத மசோதாவுக்கும் சொல்வார். சொல்லிவிட்டு, பெயர் கூப்பிடும்போது சாவகாசமாக "இல்லை" என்று வாக்களிப்பார். எல்டனைத் தூக்கில் போட மசோதா வந்தாலும் அவரே வழிமொழிவார் என்று குழுவில் கேலி செய்வார்கள்.

ஒருமுறை காரணம் கேட்டேன்.

"ஒரு ஆளு விடியக்காலைல கிளம்பி இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டு வர்றாரும்மா. வேணாம்னு சொல்லு, தப்பில்ல. ஆனா வாயத் தொறந்து சொல்லு. ஒண்ணுமே சொல்லாம அனுப்பறது இருக்கு பாரு, அது மனுசன மனுசனா மதிக்காத வேல."

[எழுதிய பிறகு வாசித்துப் பார்த்தேன். இவ்வளவு நல்லவரா என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். ஆகவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சாட்சியம் நடக்கும்போது பாதி நேரம் தூங்குவார். மேசையில் யாராவது கொலாச்சி பன், அதாவது நடுவில் பழக்கூழ் வைத்த இனிப்பு பன், வைத்தால் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். ஆப்ரிகாட் பழக்கூழ் வைத்ததாகப் பார்த்து எடுப்பார்.]

3

மார்லிஸ் கெம்ப் எல்டனின் தொகுதிக்காரி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் கணவர் வேர்ன் ஒரு தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். பெரிய உருளைக் கிடங்கு; உள்ளே மலையாக மக்காச்சோளம். மேலே காய்ந்து இறுகிப்போன சோளத்தைக் குத்திவிட உள்ளே இறங்கியிருக்கிறார். அவர் உள்ளே இருப்பது தெரியாமல் அடியில் சோளத்தை இழுக்கும் இயந்திரத்தை யாரோ ஓடவிட்டுவிட்டார்கள்.

மார்லிஸ் கேட்ட மசோதா ஒரே பக்கம். ஆள் உள்ளே இருக்கும்வரை சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும். வாசலில் இன்னொரு ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான். முதல் இரண்டு வருடம் அது நிகழ்ச்சி நிரலுக்கே வரவில்லை. மூன்றாம் வருடம் வந்தது.

வருவதற்கு முன் மார்லிஸ் எல்டனைப் போய்ப் பார்த்திருக்கிறாள்.

"ஜெயிக்கும்னு நான் சொல்லமாட்டேன், மார்லிஸ்" என்றாராம். "அஞ்சு பேர் எதிரா நிப்பாங்க."

"நிக்கட்டுமே. பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கல்ல? ஒவ்வொருத்தரா என் முன்னாடி இல்லன்னு சொல்லட்டும். எனக்கு அது போதும்."

"அது நடக்கும். வழிமொழியறதுக்கு நான் இருக்கேன்."

மார்லிஸுக்கு வேண்டியிருந்தது இதுதான். அவள் வெற்றி கேட்கவில்லை. ஏழு பெயர்களை, ஏழு பதில்களைக் கேட்டாள்.

4

அன்று காலை கூட்டத்துக்கு முன்னால், காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் குழுத் தலைவர் டாரல் லிண்ட் எல்டனைப் பிடித்துக்கொண்டார். நானும் அங்கேதான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுத்தர் இருக்கிறாளே என்று இங்கே யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

"எல்டன், கிடங்குக்காரங்க என் தலைமேல ஏறி உக்காந்திருக்காங்க. அந்தப் பூட்டு மசோதா ஓட்டுக்குப் போனா ஏழு பேரும் மாட்டினோம். ஆமான்னா அவங்க விடமாட்டாங்க. இல்லன்னா நாளைக்குப் பேப்பர்ல அந்தப் பொம்பள படம், பக்கத்துல நம்ம பேரு."

"அதுக்கு நான் என்னய்யா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அதத்தான் கேக்கறேன். ஒண்ணும் பண்ணாத."

"நான் எல்லாருக்கும் சொல்றதுதான டாரல்."

"தெரியும்யா. உன் ஆம்புலன்ஸ் மசோதா அதுக்கு அடுத்தாப்ல இருக்கு. நேரமிருந்தா எடுக்கலாம்."

டாரல் காபியில் பாலை ஊற்றிக் கலக்கிக்கொண்டே போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் காரில் என்னை ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போனவர்.

அந்த ஆம்புலன்ஸ் மசோதா எல்டன் ஆறு வருடமாகச் சுமந்துகொண்டு திரிந்தது. மூன்று மாவட்டங்களும் சேர்ந்து ஒரே ஆம்புலன்ஸ் சேவை நடத்திக்கொள்ள அனுமதி. அது நிறைவேறாவிட்டால் ஜூன் மாதத்தோடு இருக்கிற ஒரே வண்டியும் நின்றுவிடும். வேர்ன் சோளத்துக்குள் போன அன்று அந்த வண்டி வர ஐம்பது நிமிடம் ஆனது.

எல்டன் காபியைக் குடிக்கவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

5

முதல் மசோதா: கொலாச்சி பன்னை மாநிலத்தின் அதிகாரபூர்வத் தின்பண்டமாக அறிவிப்பது. ஒருவர் முன்மொழிந்தார். "முழு மனசோட வழிமொழியறேன்" என்றார் எல்டன். எல்லாரும் சிரித்தார்கள். ஏழு ஆம். நாலு நிமிடம்.

இரண்டாவது, மார்லிஸ். நீலக் கோட்டைக் கழற்றாமலே மைக் முன்னால் உட்கார்ந்தாள். கையில் தாள் இல்லை.

"சோளம் தண்ணி மாதிரின்னு நினைப்பீங்க. இல்லீங்க. அது புடிச்சுக்கும். இடுப்பு வரைக்கும் போயிட்டா நாலு பேர் சேந்து இழுத்தாலும் வராது. இடுப்பு வரைக்கும் போக எவ்ளோ நேரம்னு காப்பாத்த வந்தவங்ககிட்ட கேட்டேன். பத்து, பன்னெண்டு வினாடின்னாங்க. சுவிட்சுக்குப் பூட்டு ஒண்ணு கடையிலேயே கிடைக்குது. நான் கேக்கறது அதத்தான்."

மூன்று நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரியும். அவள் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

நகரத்திலிருந்து புதிதாக வந்திருந்த செனட்டர் ஜோலீன் மட்யாஸ் முன்மொழிந்தார். தான் முன்மொழிந்ததைத் தானே வழிமொழிய முடியாது. அவர் திரும்பி எல்டனைப் பார்த்தார். எல்லாருமே எல்டனைத்தான் பார்த்தார்கள்.

"வழிமொழிய யாராவது உண்டா?" என்றார் டாரல்.

ஒலிப்பதிவில் இந்த இடத்தில் அறையைச் சூடாக்கும் குழாய் டக் டக் என்கிறது. யாரோ பேனா மூடியைத் திறந்து மூடுகிறார். நாற்காலி ஒன்று முனகுகிறது. அது எல்டனுடைய நாற்காலி. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அவர் முன்னால் சாய்ந்தார். வாய் லேசாகத் திறந்தது. மேசை மேலிருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.*

பதினோரு வினாடி.

"வழிமொழிதல் இல்லாததால் மசோதா காலாவதியாகிறது. அடுத்தது."

அடுத்தது ஆம்புலன்ஸ். டாரல் கேட்டு முடிப்பதற்குள் மூன்று பேர் வழிமொழிந்தார்கள். ஏழு ஆம். மார்லிஸ் அப்போதும் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஏழு பெயர்களையும் நான்தான் கூப்பிட்டேன். அவள் ஒவ்வொரு பெயரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

* அவள் சொன்ன பத்துப் பன்னிரண்டு வினாடியையும் இந்தப் பதினொன்றையும் நான் வேண்டுமென்றே பொருத்தவில்லை. பதிவில் அப்படித்தான் இருக்கிறது. கதையில் இப்படிச் செய்தால் மலிவாக இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

6

இதை மாற்றிப் பார்த்தேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு. எட்டாவது வினாடியில் எல்டனுக்கு நெஞ்சைப் பிடிக்கிறது. மேசையில் சரிகிறார். பேச முடியாமல் போனதற்கு உடம்பு காரணம் ஆகிவிடுகிறது. சுத்தச் சப்பைக்கட்டு. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முடிவு. எல்டன் வழிமொழிகிறார். ஐந்து இல்லை, இரண்டு ஆம். மார்லிஸ் தோற்று, ஏழு பதில்களையும் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து வெளியே போகிறாள். டாரல் கடிகாரத்தைப் பார்த்து, நேரமில்லை என்கிறார். ஜூன் மாதம் ஆம்புலன்ஸ் நின்றுபோகிறது. ஜூலையில் மேற்கே எங்கோ ஒருவர் வராத வண்டிக்குக் காத்திருந்து சாகிறார். அவருக்கு இந்தக் கதையில் பெயர் இல்லை. எழுதும்போது மனதுக்கு இதமாக இருந்தது. அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

மூன்றாவது, நடந்தது. தாழ்வாரத்தில் எல்டன் அவளைத் துரத்திக்கொண்டு வேகமாக நடந்தார். முழங்கால் வலிக்காரர்.

"மார்லிஸ். இரு. வண்டி வந்துரும் இனிமே. இருபது நிமிசத்துல வந்துரும்."

அவள் நின்றாள். "இல்லன்னு சொல்லியிருக்கலாமே, செனட்டர்."

"நான் இல்லன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் சொல்றேன்." கையுறையை மாட்டிக்கொண்டாள். "வேர்னை வெளிய எடுக்கவே அஞ்சு மணி நேரம் ஆச்சு. வண்டி வந்து சும்மாதான் நின்னுச்சு."

மூன்று வாரம் கழித்து ஒரு பூச்சிமருந்து மசோதாவுக்கு ஆளில்லாமல் போனபோது எல்லாரும் பழக்கத்தில் எல்டனைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மரியாதைக்கு வழிமொழியவில்லை. இந்த அறையில் அந்த வழக்கமே நின்றுபோனது.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடித்துவிட்டு ஒரு வாரம் பெட்டியில் வைத்திருந்தேன். எல்டனை இவ்வளவு உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறேனே, அவர் கைகளைக்கூட விடவில்லையே, ஏன் என்று யோசித்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பிற்பகல் டாரல் என் மேசைக்கு வந்தார். "வரிசைய மாத்தும்மா. ஆம்புலன்ஸ மூணாவதா போடு. பூட்டு மசோதாவுக்கு அடுத்து." மாற்றினேன். இருபத்து மூன்று வருடத்தில் எனக்கு நிகழ்ச்சி நிரல் வாசிக்கத் தெரியும். யாருடைய கழுத்துக்கு எது சுருக்கு என்று தட்டச்சு செய்யும்போதே புரிந்தது.

ஒரு மணி நேரத்தில் மார்லிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எத்தன மணிக்கு வரணும்ங்க?"

"பத்துக்கு வாங்க. நீங்க ரெண்டாவது."

"வழிமொழிய ஆள் இருக்குல்ல? இல்ல, நான் வேற யாரையாவது கூப்பிட்டுக் கேட்டு வைக்கணுமா?"

அவளுக்கு அந்தப் பிற்பகல் முழுவதும் இருந்தது. மற்ற ஆறு உறுப்பினர்களின் தொலைபேசி எண்களும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தன. இன்னொருவரையும் கேட்டு வையுங்கள் என்று நான் சொன்னால் போதும். எழுத்தர் பேசக்கூடாத பேச்சு அது. வேலைக்கு ஆபத்து வந்தாலும் வந்திருக்கும். வராமலும் இருந்திருக்கும்.

"எல்டன் எப்பவும் சொல்வாருங்க" என்றேன்.

பொய் இல்லை. அதுவரை அவர் எப்போதும் சொல்லித்தான் இருந்தார். எல்டனுடைய மௌனம் பதினோரு வினாடி, பதிவில் இருக்கிறது. என்னுடையது எந்தப் பதிவிலும் இல்லை. இதைக்கூட இந்தக் கட்டடத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில்தான் எழுதுகிறேன். இதற்குத் தைரியம் என்று பெயர் வைக்கமாட்டேன்.

8

எனக்கு முடிவு எழுத வரவில்லை. ஆகவே எழுத்தருக்கு இல்லாத உரிமை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

மார்லிஸ் கெம்பின் ஒரு பக்க மசோதா மறுபடி மேசைக்கு வர வேண்டும் என்றும், பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பதில் கேட்க வேண்டும் என்றும் முன்மொழிகிறேன்.

நீங்கள் அதற்கு ஆம் என்று வாக்களிக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் ஓர் ஆம்புலன்ஸ் காத்திருக்கலாம். அப்போது பெயர் கூப்பிடும்போது இல்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள். இப்போது கேட்பது ஒன்றுதான்.

வழிமொழிய யாராவது உண்டா?

குறிப்பேடு திறந்திருக்கிறது. பேனாவும் எடுத்துவிட்டேன். சத்தமாகச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் பதிவாகாது. எல்டனும் மனதுக்குள் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.