தூங்கிப்போன பாட்டு

அந்த வகுப்பிலேயே வயதில் மூத்தவள் தையலக்காதான். அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் முதல் நாள் அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டது தெரியாமலே வந்து உட்கார்ந்தாள், பெயர் அத்தோடு போயிற்று. பாடம் நடத்தும் டீச்சருக்கு இருபத்தாறு வயது. பாட்டுகளின் உரிமையைக் கவனிக்கும் ஒரு பாட்டுப் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு மதியங்கள் மட்டும் இங்கே வந்து அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லிக்கொடுத்தாள்.

மதிய வகுப்பு என்பதே தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிற வேலை. ஜன்னலில் வெயில் மங்கலாக விழும். மின்விசிறி ஒரே சுருதியில் முனகும். அதில் டீச்சரின் குரல் எங்கோ தூரத்திலிருந்து மிதந்து வரும்.

"பாட்டுன்னா காத்துல போறதுன்னு நினைக்காதீங்க. அதுக்கு வரிகள் எழுதினவங்க இருக்காங்க, மெட்டுப் போட்டவங்க இருக்காங்க. யார் யாருக்கு எவ்வளவு பங்குன்னு எழுதிப் பதியணும். சினிமாக்காரங்களோ வேற யாரோ அந்தப் பாட்டைக் கேட்டு வந்தா, யார்கிட்ட அனுமதி வாங்கணும்னு அந்தப் பதிவுதான் சொல்லும். பங்கு மொத்தம் நூறு வரணும். தாண்டிச்சுன்னா பாட்டைத் தூங்கப் போட்டுடுவாங்க. சண்டை தீர்ற வரைக்கும் யாரும் எழுப்ப முடியாது."

மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். தையலக்காவுக்கோ கண்முன் ஒரு நீளமான கூடம் விரிந்தது. வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு சுருண்டு படுத்திருக்கிறது. சில புரண்டு படுக்கின்றன, சில தூக்கத்திலேயே முணுமுணுக்கின்றன. அவள் ஒவ்வொன்றாகப் போர்த்திவிட்டுக்கொண்டே போகிறாள்.

"அக்கா, தூங்குறீங்களா?"

"இல்ல டீச்சர், தூங்குறவங்களைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும்தான்.

அவள் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் அண்ணன். அண்ணன் பெரிய மெட்டுக்காரர். நூற்றுக்கு மேல் மெட்டுகள் போட்டவர். அதில் ஒரே ஒரு பாட்டு மட்டும் முப்பது வருஷமாக ஊரார் வாயிலெல்லாம் இருக்கிறது. கல்யாண வீட்டிலும் பாடுவார்கள், குழந்தையைத் தூங்கவைக்கவும் பாடுவார்கள். அதன் நடுவே மெட்டு சட்டென்று நின்று, கால் இடறியதுபோல ஒரு கணம் தயங்கி, மறுபடி மேலேறும். அந்தத் தயக்கத்தில் கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அதைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டால் மட்டும், "அது தானா வந்துச்சு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

மேதைகளுக்குக் கிறுக்கு இருக்கும் என்பார்கள். அண்ணனுக்கு ரேடியோ ஆகாது. அவர் வீட்டில் ரேடியோ கிடையாது. கடையில் ஓடினால் சாமான் வாங்காமலே திரும்பிவிடுவார். கார் ஓட்டுகிறவர் ரேடியோவைத் திருகினால் பாதி வழியில் இறங்கிக்கொள்வார். மனுஷனுக்குத் தன் பாட்டைத் தவிர எதுவும் காதில் ஏறாது, அத்தனை தலைக்கனம் என்று ஊர் பேசியது. தங்கை மட்டும் அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டாள். "அவர் காது மென்மையான காது" என்பாள்.

இப்போது ஒரு சினிமாக் கம்பெனி அந்தப் பாட்டைக் கேட்டு வந்திருந்தது. படத்தின் கடைசிக் காட்சிக்கு அதுதான் வேண்டுமாம். பதிவுத் தாளை அனுப்புங்கள் என்றார்கள். அண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து தங்கையின் தையல் அறையில் வைத்தார். "எனக்கு இந்தக் காகிதமெல்லாம் ஓடாது. நீயே என் சார்பா பாத்துக்க" என்றார். பெட்டியைக் குடைந்தவள் அதிசயப்பட்டாள். மற்ற மெட்டுகளுக்கெல்லாம் பதிவுத் தாள் ஒழுங்காக இருந்தது. 'இது என் சொந்தப் படைப்பு' என்ற வரிக்குக் கீழே அண்ணனின் கையெழுத்தும் இருந்தது. அந்த ஒரு பாட்டின் தாள் மட்டும் மஞ்சளாகிப்போய், கையெழுத்து இல்லாமல் கிடந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். அந்தத் தாளை ஒழுங்காகப் பதியத்தான் வகுப்பில் சேர்ந்தாள்.

நான்காவது வாரம் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தாள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அது பிறந்த இடம் வரை பின்னால் போகவேண்டும், பிறகு பதிவுத் தாளை நிரப்பவேண்டும். "ஆதாரம் பாருங்க. பழைய நோட்டு, பழைய கேசட், எது கிடைச்சாலும் சரி. நினைப்பை நம்பாதீங்க, அது நல்லாப் பொய் சொல்லும்."

அண்ணனின் பெட்டியில் கேசட்டுகளும் இருந்தன. தையலக்கா பழைய டேப் ரிக்கார்டரைத் துடைத்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டபடி ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே சின்னத் தூறல். ஏழாவது கேசட்டில் அண்ணனின் கிடார் கேட்டது. ஏதோ தேடித் தேடி, கிடைக்காமல் விட்டுவிடுகிற கிடார். அதன் பின்னணியில் கடகடவென்று ஒரு சத்தம். அவளுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. இதோ மூலையில் நிற்கிறதே, அவளுடைய பழைய கால்மிஷின், அதன் சத்தம்தான். அப்போதெல்லாம் ஒரே அறையில் அண்ணன் ஒரு பக்கம் மெட்டுத் தேடுவார், இவள் ஒரு பக்கம் தைப்பாள்.

கிடார் நின்றது. மிஷின் மட்டும் ஓடியது. மிஷினோடு சேர்ந்து ஒரு பெண் குரல், வாயை மூடிக்கொண்டு, தன் பாட்டுக்கு முனகியது.

அது அந்தப் பாட்டு. நடுவே தயங்கி மேலேறுகிற அதே பாட்டு. முழுதாக இரண்டு தடவை அந்தக் குரல் அதை முனகி முடித்தது. அதற்குப் பிறகுதான் கிடார் மெல்ல, திருடப் போகிற பூனை மாதிரி, அதைத் தொட்டது.

காஜா ஊசி விரலில் குத்தியது. அவள் கவனிக்கவில்லை. இருபது வயசுத் தையல்காரி ஒருத்தி, உலகமும் ஞாபகமில்லாமல், தான் முனகுவதுகூடத் தெரியாமல் முனகிக்கொண்டிருக்கிறாள். ஐம்பது வயதுக்காரி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இருவரில் யார் நிஜம் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அழுகை வந்தது. அதில் சந்தோஷம்தான் அதிகம். ஓரத்தில் ஒரு கோபமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் வீட்டுப்பாடத்துக்காகப் பதிவுத் தாளைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். வரிகள்: கவிஞர், ஐம்பது. மெட்டு: அண்ணன், ஐம்பது. கணக்குச் சரி. அப்புறம், யாருக்குத் தெரியப்போகிறது, பயிற்சிதானே என்று, கனவில் எழுதுவதுபோல மூன்றாவது வரியில் தன் நிஜப் பெயரை எழுதினாள். பக்கத்தில் இருபத்தைந்து என்று போட்டாள். கவிஞரின் பங்கில் கைவைக்க உரிமையில்லை, அண்ணனின் பங்கில் கைவைக்க மனசில்லை. மொத்தம் நூற்றிருபத்தைந்து ஆயிற்று. உலகத்தில் எந்தப் பாட்டுக்கும் இல்லாத பங்கு. அவளுக்கே சிரிப்பு வந்தது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். இவள் பயிற்சிப் பக்கத்தில் எழுதவில்லை. அண்ணனுக்காகப் போன வாரம் தானே திறந்த நிஜப் பதிவுக் கணக்கில் எழுதிவிட்டாள். வியாழக்கிழமை அவளுக்கும் அண்ணனுக்கும் சினிமாக் கம்பெனிக்கும் ஒரே கடிதம் வந்தது: பங்குகள் நூறைத் தாண்டுவதால் இந்தப் பாட்டு நிறுத்திவைக்கப்படுகிறது.

பாட்டு தூங்கிப்போயிற்று.

தையலக்கா கடிதத்தை மறுபடி மறுபடி படித்தாள். முப்பது வருஷம் விட்டுக்கொடுக்காத அண்ணனை ஒரே ஒரு பொத்தானில் ஊரறியச் சந்திக்கு இழுத்தாகிவிட்டது. இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது? டீச்சருக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அக்கா, அந்த முனகல் நீங்க உண்டாக்கினதுதானா? அதை மட்டும் சொல்லுங்க. அறையில சும்மா இருந்தவங்களுக்குப் பங்கு கிடையாது. உண்டாக்கினவங்களுக்கு உண்டு. அண்ணன் தங்கச்சிங்கிற கணக்கெல்லாம் அந்தத் தாளுக்குத் தெரியாது."

போனை வைக்கும்போதே வாசலில் அண்ணன் நின்றிருந்தார். கையில் கடிதம். முகம் வெளுத்துக் கிடந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துணி நறுக்குகள் கிடந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்தார்.

"கண்டுபிடிச்சிட்டே, இல்ல?"

"அண்ணே, நான் பயிற்சின்னு நினைச்சு..."

"அது யாரோட பாட்டும்மா?"

அவளுக்கு விளங்கவில்லை.

"அன்னிக்கு நீ முனகினியே, அது எந்த ரேடியோல கேட்டது? யார் பாட்டு?" அண்ணன் கையிலிருந்த கடிதத்தைக் கசக்கினார். "எனக்கு ஒண்ணும் கிடைக்காத நாள் அது. நீ எதையோ முனகிக்கிட்டுத் தைச்சே. எங்கேயோ கேட்ட பாட்டுன்னுதான் நினைச்சேன். ஆனாலும் எடுத்துட்டேன். உன்கிட்ட கேட்டா நீ பேரைச் சொல்லிடுவியோன்னு பயந்து கேக்கவே இல்ல. முப்பது வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். எந்த ரேடியோவைத் திருகினாலும் அந்த நிஜப் பாட்டு வந்துடுமோ, எவனாவது, இது என்னோடதுன்னு நிப்பானோன்னு. அதான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட முடியல."

தையலக்காவுக்கு இப்போதுதான் விளங்கியது. தலைக்கனம் என்று ஊர் சொன்னது, மென்மையான காது என்று இவள் சொன்னது, இரண்டுமே இல்லை. பாவி மனுஷன், முப்பது வருஷம் ஒரு பாட்டுக்குப் பயந்து ஒளிந்து திரிந்திருக்கிறார். தன் கோபம் எங்கே போயிற்று என்று தேடினாள். காணோம்.

ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில்? நினைப்பு நன்றாகப் பொய் சொல்லும் என்றாளே டீச்சர். நிஜமாகவே எங்காவது கேட்டதாக இருந்தால்?

அவள் கேசட்டை மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை குரலை விட்டுவிட்டு மிஷினைக் கேட்டாள். கடகட, கடகட, கடகட... ஒரு நழுவல். மிஷின் தயங்கியது. குரலும் தயங்கியது. மிஷின் பிடித்துக்கொண்டது. குரல் மேலேறியது. இரண்டாவது தடவையும் அப்படியே.

"பெல்ட்டு!" என்று கத்தினாள். "அண்ணே, அப்ப பெல்ட்டு தளர்ந்து கிடந்துச்சு. புதுசு வாங்காம மாசக்கணக்கா ஓட்டினேன். இத்தனை மிதிக்கு ஒரு தரம் வழுக்கி, ஊசி நின்னுடும்."

ஓடிப்போய் மூலையிலிருந்த பழைய மிஷினின் மேல் துணியை உருவினாள். தோல் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி மாட்டினாள். உட்கார்ந்து மிதித்தாள். சக்கரம் சுற்றியது, அறை மெல்ல அந்தப் பழைய அறையாக மாறியது. அவள் யோசிக்கவில்லை. வாய் தானாக முனகியது. பெல்ட்டு வழுக்கிய இடத்தில் அவள் நின்றாள். பெல்ட்டு பிடித்த இடத்தில் மெட்டு மேலேறியது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிய அந்தத் தயக்கம், ஒரு தளர்ந்த தோல் பெல்ட்டு.

"எந்த ரேடியோவும் இல்லண்ணே. இந்த மிஷின்தான். இதுக்குத் துணையாத்தான் முனகினேன்."

அண்ணன் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அறுபது வயது மனுஷன், தங்கை எதிரில், குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் மிதியை நிறுத்தவில்லை.

அப்புறம் மஞ்சள் தாளை எடுத்து அண்ணன் தன் ஐம்பதை அடித்துவிட்டு அவள் பெயரில் எழுதப் போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எடுத்ததாலதான் அது பாட்டாச்சு. இல்லாட்டி அந்தச் சட்டையோடவே போயிருக்கும். ஆளுக்குப் பாதி போடுங்க. இல்லன்னா மறுபடி தூங்கிடும்."

கவிஞர் ஐம்பது, அண்ணன் இருபத்தைந்து, தங்கை இருபத்தைந்து. அவள் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள், நூறுதான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அண்ணன் பேனாவை மூடினார். அலமாரியின் மேல் அவள் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் சின்ன ரேடியோ இருந்தது. அவர் வரும்போதெல்லாம் அவள் அதைத் துணியால் மூடிவைப்பாள். இன்று மறந்துவிட்டாள்.

"பாப்பா" என்றார், சின்ன வயதில் கூப்பிட்டதுபோல. "அதைக் கொஞ்சம் போடேன்."

"எந்த ஸ்டேஷன்ணே?"

"எதுன்னாலும் சரி" என்றார் அண்ணன். "முப்பது வருஷமா என்னென்ன பாடியிருக்காங்கன்னு கேக்கணும்."