டெல்லியில் கேட்ட இருமல்

பீடி சுற்றும் ஆசியா உம்மாள் தன் வீட்டிலிருந்து இருமினால் சத்தம் டெல்லி நாடாளுமன்றத்தில் கேட்டது. ஆழ்வார்குறிச்சிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் இதற்குச் சாட்சிகள் நிறைய உண்டு. அவளுக்குத் தோள் குலுங்கும், கண்ணில் நீர் முட்டும், வாயிலிருந்து மட்டும் சத்தம் வராது. எல்லாம் தேர்தலால் வந்த வினை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கடையில் புகுந்து தோசை சுடுவதும் இஸ்திரி போடுவதும் வழக்கம்தானே? எங்கள் ஊருக்கு வந்த வேட்பாளர் புகைப்படத்துக்காக ஆசியா உம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த முறத்தை வாங்கி ஒரு பீடி சுற்றினார். தூள் முழுக்க வேட்டியில் கொட்டியது. சிரிப்பை அடக்கப்போய் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்குக்குள் விழுந்த அந்தச் சத்தம் அவரோடே போய்விட்டது.

ஜெயித்த மனிதர் அவையில் நாலுவழிச் சாலை பற்றிப் பேச எழுந்தார். மைக்கில் இருமல். மூன்று மைக் மாற்றியும் இருமல். எரிச்சலில், தன் தொகுதியில் ஒன்பது வருஷமாக டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒரு மாத்திரைக்காக ஏழைகள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்கள் என்று சொல்லிவைத்தார். இருமல் நின்றது. பேச்சை மாற்றினால் திரும்ப வந்தது. அதன் பிறகு ராணுவமோ ராக்கெட்டோ, எதைத் தொட்டாலும் அவர் வறுமைக்கும் வைத்தியத்துக்கும் வந்தே தீர வேண்டியிருந்தது. சத்தம் நின்றால் போதும் என்று மற்ற உறுப்பினர்களும் அதையே பேசினார்கள். இப்படி மூன்று கூட்டத்தொடர் போனது. எங்கள் ஊருக்கு டாக்டர் சித்ரலேகா வந்தது அப்படித்தான்.

வந்தவர் முதலில் பார்த்தது ஆசியா உம்மாளைத்தான். காசநோய், ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். ஊர் அன்றே கணக்குப் போட்டது. இவள் குணமானால் டெல்லி மறந்துவிடும், டாக்டரையும் மாற்றிவிடுவார்கள். ஜமாத் தலைவர் தாஜ் முகம்மதுவும் டீக்கடை ஐயம்பெருமாளும் அவள் வீட்டுக்குப் போனார்கள். வெட்கக்கேடு, பின்னால் நானும் நின்றிருந்தேன்.

“நிறுத்தச் சொல்லலக்கா. கொஞ்சம் பையச் சாப்பிட்டா என்ன?” என்றார் ஐயம்பெருமாள்.

மகள் ரைஹானத் வெளியே வந்தாள். “எங்க உம்மா செத்துக்கிட்டே இருந்தாத்தான் டாக்டர் இருப்பாகன்னா, அந்த டாக்டர் எதுக்கு அண்ணாச்சி?”

நாங்கள் வாசலை விட்டு இறங்கினோம். ஆனால் ஆசியா உம்மாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தாள். டாக்டர் போய்விட்டால் தவிக்கப்போகும் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவள் கண்முன் வந்திருப்பார்கள். விஷயம் தெரிந்து வந்த சித்ரலேகா திட்டவில்லை. “நீங்க பிழைக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க” என்று தண்ணீரை நீட்டினார். அவள் விழுங்கினாள். பிறகு ஒரு நாளும் விடவில்லை.

ஆறாம் மாதம் ஒரு மதியம் டீ புரையேறி அவள் இருமினாள். சத்தம் அவள் வீட்டிலேயே கேட்டது. தெருவே ஓடி வந்தது. ரைஹானத் அழுதாள், எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அந்த வாரமே டிவியில் எங்கள் உறுப்பினர் விமான நிலையம் பற்றிப் பேச எழுந்தார். தெளிவான குரல். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஐயம்பெருமாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அப்போது மைக்கில் ஒரு இருமல் கிளம்பியது. கனத்த, ஆண்பிள்ளை இருமல்.

சாயங்காலம் நாங்குநேரியிலிருந்து போன் வந்தது. செங்கல் சுமக்கும் முத்துமாலை காலையிலிருந்து சத்தமில்லாமல் இருமுகிறாராம், என்ன செய்ய என்று கேட்டார்கள். ஆசியா உம்மாள் போனை வாங்கி, முத்துமாலையிடமே கொடுக்கச் சொன்னாள்.

“தம்பி, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாத்திரை தந்தா ஒரு நாளும் விட்ராதீங்க. நீங்க குணமாயிட்டா அங்கன இருமுததுக்கு நாட்டுல வேற ஆளா இல்ல?”

போனை வைத்துவிட்டு முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.