கதவுக்கு முட்டுக்கொடுத்த பவளக்கல்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை, அக்காவின் கைப்பையில் கிடந்தது. "எழுதித் தொலை. ஆனா அதுல என்னை அழ வைக்காதே" என்றாள். (மூன்றாம் பகுதியில் அழுவாள். மன்னித்துக்கொள்ளட்டும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நீலக்கடலின் நடுவே மரகதம் போல் ஒரு தீவு, அங்கே—' படகு டிக்கெட் விற்பவர் எழுதியது போல இருந்தது. விட்டுவிட்டேன்.

2

விஷயம் இதுதான். மீன்களுக்கும் பவளப்பாறைகளுக்கும் இன்று காப்பகமாக இருக்கும் அந்தத் தீவு, முன்பு சிறை. வேலைநிறுத்தம் செய்ததற்காக இளவயதில் அப்பாவை அங்கே அடைத்தார்கள். கைதிகளே கடலில் இறங்கிப் பவளப்பாறையை வெட்டி, தங்களை அடைக்கும் சுவரைக் கட்ட வேண்டும். விடுதலையான அன்று அதில் ஒரு கல்லை அப்பா கொண்டுவந்துவிட்டார். அதுதான் அவர் அறைக் கதவுக்கு முட்டு. அந்தக் கதவு மூடி நாங்கள் பார்த்ததே இல்லை.

போன மாதம் சொன்னார்: "இதைக் கொண்டுபோய் அந்தக் கடல்லயே போட்டுட்டு வாங்க. கதவு சாத்திக்கிட்டா சாத்திக்கட்டும்."

(இங்கே அப்பாவை அரைப்பக்கம் பேச வைத்திருந்தேன். அவர் அப்படிப் பேசுகிற ஆளில்லை. அடித்துவிட்டேன்.)

3

தீவில் மீன்களைப் பார்த்து அக்கா சின்னப்பிள்ளை மாதிரி கத்தினாள். கூரையில்லாத சிறையறைக்குள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல் மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

திரும்பும்போது படகுத்துறையில் காவலர் பையைத் திறந்தார்.

"என்னம்மா இது? ஒரு சிப்பிகூட எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோமே!"

"எடுக்கலைங்க. வீட்டுலேருந்து கொண்டுவந்தேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். காவலர் கல்லைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்து, பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"கதவு பெயிண்டா?" என்றார், குரலை இறக்கி.

அக்கா அழுதாள். (சொன்னேனே.)

"போடுறதுன்னா போடுங்க. கொண்டுபோறதுன்னா கொண்டுபோங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"போடலைன்னா அப்பா கேப்பாருடா," என்றாள் அக்கா. "போட்டுட்டா அந்தக் கதவை யாரு பிடிச்சுக்கிறது?"

4

முடிவு ஒன்று: போட்டாள். 'அலைகள் ஒரு கணம்—' வேண்டாம், அலைகள் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

முடிவு இரண்டு: போட்டுவிட்டதாக அப்பாவிடம் பொய் சொன்னோம். செல்லாது. எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

நடந்தது எனக்குத் தெரியும். அக்கா சொல்லக்கூடாது என்கிறாள். அப்பாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே அவர் அசந்து தூங்குகிறார். காற்று எழும்புகிறது. கதவைப் பற்றிய அடுத்த வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெதுவாக, அவர் விழித்துக்கொள்ளப் போகிறார்.