பாக்கியநாதனின் நிற்காத வலது கை

ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் பாக்கியநாதன் கித்தார் வாங்கிய சேதி, கித்தார் லிஃப்டில் ஏறுவதற்கு முன்பே அவருடைய மாடிக்குப் போய்விட்டது. மனைவி காலமானபிறகு தனியாக இருக்கிற மனுஷன், ரிட்டையராகப் போகிற வயது, இப்போது என்ன கித்தார்? ஆளுக்கொரு காரணம் கட்டினார்கள்.

உண்மைக் காரணம் ஒரு சிவப்பு உடுப்பு. டிசம்பர் வந்தால் கோயில் கேரல் குழு வீடு வீடாகப் பாடப் போகும். அதில் வருஷா வருஷம் அவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. தொப்பை சொந்தமாக இருந்தது; வேறு தகுதி யாரும் கேட்கவில்லை. பினாங்கு வெக்கையில் அந்த வெல்வெட்டுக்குள் வெந்துபோவார். பிள்ளைகள் பஞ்சு தாடியைப் பிய்ப்பார்கள். இந்த வருஷம் குழுவின் கித்தார்காரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட, மனுஷன் அந்த இடத்துக்குப் பாய்ந்துவிட்டார்.

"முதல் வீட்டுல ஒரு பாட்டு முழுசா, தாளம் தப்பாம வாசிங்கண்ணே," என்றார் குழுத்தலைவி ரோசலின் டீச்சர். கல்யாணம் கட்டாதவர், கறார் பேர்வழி. "தப்புச்சுன்னா அங்கயே உடுப்ப மாத்திக்கணும். துவைச்சு, பையில எடுத்துட்டு வருவேன்."

கைப்பேசி வீடியோவில் ஒருவன் சொல்லிக் கொடுத்தான்: கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே. பாக்கியநாதன் பஸ்ஸில் அதை முணுமுணுத்துக்கொண்டே தொடையில் கையை ஓட்ட, பக்கத்துச் சீனத்து அம்மா எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

தாளம் வந்தது. ஆனால் இடது கை ஒரு 'கார்ட்' சுரக்கூட்டிலிருந்து அடுத்ததற்கு விரல் மாற்றும்போதெல்லாம், வலது கை மரியாதையாக நின்று காத்திருந்தது.

"என்னாண்ணே, ஓடுது நிக்குது, ஓடுது நிக்குது! மழையில நனைஞ்ச மோட்டார் மாரி இருக்கு லா!" என்று பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி நடைபாதையிலிருந்து கத்தினாள்.

'என்ன ஆனாலும் வலது கை நிற்கக் கூடாது' என்றான் வீடியோக்காரன். பாக்கியநாதன் அதைப் பதினோராம் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

முதல் வீடு லினெட் வீடு. பை ரோசலின் தோளில் தொங்கியது. பாக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பாட்டு முடிந்தது. கை முடியவில்லை. எப்படி நிறுத்துவது என்று வீடியோவில் அவர் பார்க்கவே இல்லை. கித்தார் ஓடுகிறதே என்று குழு முதலிலிருந்து பாடியது. அது முடிந்தும் கை ஓடியது; குழு மறுபடி பாடியது. லினெட் கேக் தட்டைத் தூக்கியபடி கை கடுக்க நின்றாள்.

கடைசியில் ரோசலின் டீச்சர் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். வீடே அமைதியானது. பாக்கியநாதன் மெல்லப் பையைப் பார்த்தார்.

"உடுப்பு...?"

"தாளம் தப்பலையே!" பை குழுவில் பாடும் ஒல்லிப்பிச்சான் பையன் ஒருவனிடம் போனது. "லினெட், ஒரு தலைகாணி குடும்மா. வயித்துல கட்டணும்."

அதன்பிறகு வீட்டுக்கு வீடு டீச்சர் அவர் பக்கத்திலேயே நின்று, பாட்டு முடிந்ததும் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு படிக்கட்டில் பாக்கியநாதன் யாரும் பார்க்காமல் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சத்தம் டக்கென்று நின்றது. அட, இவ்வளவுதானா!

அடுத்த வீடு அவருடைய மாடியில். ஜெயலெட்சுமியும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பாட்டு முடிந்தது. பாக்கியநாதனின் கை அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

"பாக்கியம், போதும் லா," என்று டீச்சர் மணிக்கட்டைப் பிடித்தார். உடனே விடவும் இல்லை.

டீச்சர் வாயிலிருந்த 'அண்ணே' எங்கே போனது என்று ஜெயலெட்சுமி மறுநாள் காலையில் மீன் வாங்கப் போன பாசாரில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.