வேம்புலி வரைந்த நாகவல்லிக்கு ஒரு செருப்பு குறைகிறது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. தொண்ணூற்றாறில் கொரட்டூர் நலச்சங்கத்தார் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ‘நம் மண், நம் நம்பிக்கை’ என்று ஓவியம் வரையச் சொன்னதாக டீக்கடையில் ஒருவர் சொன்னார். மீதி என் சொந்தச் சரக்கு. முதல் வரியை, ‘விடியலின் பொற்கிரணங்கள் ஏரியின் மேனியைத் தழுவ’ என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

2

வேம்புலி சுவர் விளம்பரம் எழுதுபவன். பனியன், பல்பொடி, கட்சி என்று ஊர்ச் சுவரெல்லாம் அவன் கைதான். தன் இஷ்டத்துக்கு வரையக் கிடைத்த முதல் சுவர் இது. ஏரிப் பாசன வயலில் நாற்று நட்டு, வயல் போனபின் போல்ட் கம்பெனிக்குப்* போகும் நாகவல்லியைப் பெரிதாக வரைந்தான். கையில் நாற்று, தலைக்குப் பின்னே உதயசூரியன்.

(சூரியன் நான் சேர்த்த குறியீடு. அது தேர்தல் வருஷம் என்பது எனக்கு உறைக்கவில்லை.)

* நட்டும் அங்கேதான் செய்கிறார்கள். அதை யாரும் சொல்வதில்லை.

3

சங்கச் செயலாளர் பரந்தாமன் ஓடி வந்தார். “யோவ், இது சின்னம்யா!”

“தாமரை போட்டுர்றேன் சார்.”

“அதுவும் சின்னம்.”

“அப்போ கையத் தூக்கி வாழ்த்துற மாதிரி...”

பரந்தாமன் தலையில் அடித்துக்கொண்டார். நாற்றில் இரண்டே இலை இருப்பதையும் அப்போதுதான் கவனித்தார். [நம்பிக்கைக்கு ஒரு குறியீடும் மிச்சமில்லாத ஊரில் குறியீட்டுக் கதை எழுத உட்கார்ந்த என் சாமர்த்தியத்தை மெச்சுங்கள்.]

வேம்புலி மூன்றாவது இலையைச் சேர்த்தான். சூரியனின் கதிர்களை மட்டும் அழித்தான். தலைக்குப் பின்னே மஞ்சள் வட்டம் நின்றது. அதுதான் வினை. மறுநாள் காலையில் சுவரடியில் எலுமிச்சம்பழம், சூடம். படத்தின் நெற்றியில் குங்குமம். ஆணியடித்துச் சாமந்தி மாலையும் மாட்டியிருந்தார்கள்.

4

அதைக் கண்ட நாகவல்லி மனம் நெகிழ்ந்து கண்ணீர்

இல்லை. வேலைக்குப் போகிற வழியில் பார்த்தவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்.

“டேய் வேம்புலி! உசுரோட கீறவ படத்துக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டுகீறாங்க, இன்னாடா இது? எம் பொண்ணு பாத்துட்டு ஊட்டாண்ட அழுதுகினு கீது. அழிச்சிடு!”

வேம்புலி படத்துக்குக் குறுக்கே வந்து நின்றான். “யக்கா, வேற இன்னா சொன்னாலும் செய்றேன். மூஞ்ச அழிக்கச் சொல்லாத. எனக்குன்னு நான் வரைஞ்சது இது ஒண்ணுதான்.”

[முடிவு ஒன்று: அழிக்கிறான். ஈரம் காயுமுன் ஒரு கட்சி, ‘இந்தச் சுவர் எங்களுக்கு’ என்று எழுதிவிட்டுப் போகிறது. முடிவு இரண்டு: அங்கே கோயில் எழும்புகிறது, நாகவல்லியே பூசாரி... எழுதவே கூச்சமாக இருக்கிறது.]

நான் இப்படித் திணறுவதற்குள் நாகவல்லி மாலையைப் பிய்த்துப் போட்டாள்.

“அப்போ காலுக்கு ரப்பர் செருப்பு போடு. கையில இந்தக் கூடையக் குடு. சோத்து டப்பா தூக்கிகினு கம்பெனிக்குப் போறவள எவன் கும்புடுவான், பாக்கலாம்.”

இது எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

5

கூடை ஆயிற்று. இடது காலில் நீல வார் செருப்பும் ஆயிற்று. வேம்புலி டீ குடிக்கப் போயிருக்கிறான். இந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் சூடத்தோடு வந்து, தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறாள்.

எனக்குப் படம் வரைய வராது. கதை எவ்வளவு வரும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். பிரஷ் டப்பாவில்தான் இருக்கிறது. வலது காலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஷிப்டு முடிந்து அவள் இந்த வழியாகத்தான் வருவாள்.