சிவப்பைக் கொடுத்தது நான்தான்

விடியச் சந்தைக்குப் போன றால் கூடை பத்து மணிக்கு அப்படியே திரும்பி வந்தது. "'ஷரிபுதீன்ட றாலா, வேணா' என்டு என்ட பேரச் சொல்லித் தள்ளுறானுகள் மகள். ஆத்துவாய் என்டதும் கைய எடுக்கிறானுகள்" என்றார் வாப்பா. என் முகத்தைப் பார்க்காமலே கால் கழுவினார்.

எல்லாம் நான் செய்த வேலை. கம்பஸில் படிக்கிறேன்; செய்மதிப் படங்களைக் கொண்டு எங்கள் ஆற்றுவாய்த் தண்ணீரை வரைபடமாக்குகிறேன். செய்மதி பத்தரைக்கு மேலால் போகும்போதே தண்ணீரும் அள்ளவேண்டும். போத்தல்களோடு என்னைத் தோணியில் ஏற்றி, இருபது இடத்தில் கம்பு ஊன்றி நிறுத்தித் தந்தது வாப்பாதான். "என்ட மகள் இன்ஷிரா வானத்தால தண்ணி பாக்கிறவ" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். வயல் வெள்ளம் வடிய மணலை வெட்டி ஆற்றுவாயைக் கடலுக்குத் திறந்துவிட்ட கிழமை அது. தண்ணீரெல்லாம் கலங்கல். கலங்கலுக்கு ஒரு நிறம் வேண்டும். மஞ்சள் இருந்தது, மண்நிறம் இருந்தது. எந்த ஷைத்தான் என் கையைப் பிடித்தானோ, சிவப்பைக் கொடுத்தேன். எவனோ ஒரு மடையன் அதைப் பேஸ்புக்கில் போட்டு, மேலே 'நஞ்சு' என்று எழுதினான்.

வெறும் சேறு என்று தொண்டை வறளச் சொன்னேன். யார் கேட்டார்கள்? "ரெண்டு கிழமை பொறுங்க வாப்பா, கலங்கல் அடங்கினா படம் நீலமா வரும்" என்றேன். அதை நம்பித்தான் இன்றும் வலை வீசியிருந்தார். இன்றோடு அந்தப் பதினாலு நாள் முடிகிறது.

அசர் தொழுகைக்குப் பிறகு படம் வந்தது. கலங்கல் அடங்கியிருந்தது. அது மறைத்து வைத்திருந்த பாசி கரைக்குக் கரை படர்ந்து கிடந்தது. கணக்கை மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன். ஆய்வுகூடத்துக்குப் போனில் கோல் எடுத்தேன். போன கிழமையும் தோணியில் போய் வாப்பா கையால் அள்ளித் தந்த போத்தல்களிலும் அதே பாசிதான், நஞ்சுள்ள வகை என்றார்கள். அந்த மடையன் எழுதியதே மெய்யாகிவிட்டது. யா அல்லாஹ், இதை எந்த வாயால் சொல்வேன்?

"நீலம்தானே மகள்?" வாப்பா வாசலில் நின்று கேட்டார்.

திரையில் நிறப்பெட்டி திறந்திருந்தது. நீலத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான். கை எழும்பவில்லை.

"படம் விழல்ல வாப்பா. முகில் மறைச்சிட்டு."

"ஓம், சரி" என்றார். முற்றத்தில் இறங்கி, கையை நெற்றிக்குக் கொடுத்து அண்ணாந்து பார்த்தார். விடிந்ததிலிருந்து ஒரு துண்டு முகிலும் இல்லாத வானம். பிறகு றால் கூடையை முற்றத்து ஓரத்துக் குழிக்குள் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளினார்.